பொருளாதாரம் படிக்காத ஒன்பது பேர் வாசிப்பு வட்டம் தொடங்கலாமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிறு காலைகளில் ஊர் நூலகத்தில் பொருளாதாரம் படிக்க நினைக்கிறீர்கள். ஒருவரும் அதைக் கல்லூரியில் படித்ததில்லை. வங்கிக்கும் வட்டிக்கும் மாற்று உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை. எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது, நண்பர் ஒருவர் சொல்வதுபோல ஊருக்கென்று தனிப் பணம் அச்சடித்துப் பார்க்கலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் பட்டது: ஒருவர் மாற்று என்று கொண்டுவந்து நீட்டுவது நல்லதா, ஏமாற்றா என்று எங்களைப் போன்றவர்களால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்குப் பட்டம் தேவையில்லை. கூட்டல் கழித்தலும், வெட்கப்படாமல் கேள்வி கேட்கும் பழக்கமும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

நான் பொருளாதார அறிஞன் இல்லை. படித்தது வணிகவியல். இருபத்தாறு ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தேன். ஓய்வுக்குப் பிறகு ஏழு ஆண்டாக ஒரு சிறு நகரத்தில் இதே மாதிரி வட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். அதனால் நான் சொல்வதில் கணக்கு சம்பந்தப்பட்டதை நம்பிக்கையோடு சொல்கிறேன். வட்டம் நடத்துவது பற்றிய யோசனைகள் ஒரே ஒரு வட்டத்தின் அனுபவம். உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் அப்படி ஆரம்பித்து மூன்று மாதத்தில் பன்னிரண்டு பேர் ஐந்து பேரானோம். முதல் அத்தியாயமே தேவை, அளிப்பு, கோடு, வளைவு என்று போயிற்று. வந்தவர்களில் ஒருவர் பழக்கடை வைத்திருப்பவர். விலை ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவரே ஒரு நாள் "எனக்கு இதெல்லாம் ஏறாதுங்க" என்று எழுந்து போய்விட்டார். தப்பு எங்களுடையது. மறுபடி கூப்பிட்டபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பணம் சம்பந்தமான ஒரு தாள் கொண்டுவர வேண்டும் என்று வைத்தோம். பாஸ்புக், நகைக்கடன் ரசீது, சீட்டு அட்டை, மளிகைக்கடைப் பற்று நோட்டு, தண்டல் அட்டை எதுவானாலும் சரி. அன்றிலிருந்துதான் வட்டம் நிலைத்தது.

தண்டல் அட்டையை வைத்து நடந்ததைச் சொல்கிறேன். கையில் கிடைப்பது 8,500 ரூபாய். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். ஒருவர் 15 சதவீதம் என்றார். இன்னொருவர் 8,500க்கு 1,500 என்றால் பதினேழரை வரும் என்றார். இரண்டும் இல்லை. அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரைகிறது. சராசரியாகக் கையில் நின்ற தொகை 4,500 பக்கம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வட்டி. ஆண்டுக்கணக்கில் போட்டால் 120 சதவீதத்தைச் சுற்றி வரும். பழக்கடைக்காரர் இதைத் தன் அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் கேட்டதுதான் எங்கள் வட்டத்தின் முதல் நல்ல கேள்வி: "சரி, வங்கியில் பன்னிரண்டுக்குத் தருகிறார்கள் என்றால் நான் ஏன் இங்கே வருகிறேன்?" காலை நாலு மணிக்குச் சந்தைக்குப் போகிறவருக்கு அந்த நேரத்தில் காகிதம் கேட்காமல் காசு கொடுப்பவர் தண்டல்காரர் ஒருவர்தான். மாற்று வேண்டும் என்று பேசுகிற யாரும் இந்த நாலு மணிக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஒரு கேள்வி பழகிவிட்டது. எந்த ஏற்பாட்டைப் படித்தாலும் அதைத்தான் முதலில் கேட்கிறோம்: கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்றால் அது யார் தலையில் விழும்? வட்டி உண்டா இல்லையா, முதலாளித்துவமா சமதர்மமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி 70,000க்கு எடுக்கிறார். சீட்டுப் பிடிக்கிறவர் கமிஷன் 5,000. மீதி 25,000 கசராக 20 பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 கழியும். அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். வங்கி நடுவில் இல்லாமல், சேமிக்கிறவரும் கடன் வாங்குகிறவரும் ஒரே வட்டத்துக்குள் விலை பேசிக்கொள்கிறார்கள். மிக அழகான ஏற்பாடு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது நம் கேள்வியைக் கேளுங்கள். முதலில் எடுத்தவர் ஆறாம் மாதம் கட்டுவதை நிறுத்திவிட்டால்? பதிவு பெற்ற சீட்டென்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்துபவர் பதிவாளரிடம் பிணை வைத்திருக்க வேண்டும், பொறுப்பு அவருடையது. பதிவில்லாத சீட்டென்றால், பொறுமையாகக் கடைசிவரை காத்திருந்தவர் தலையில் விழும். பெரும்பாலும் மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தவர்.

உங்கள் பகுதிக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு வெளிநாட்டு உதாரணத்துக்குப் போகாதீர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைத்தான் சொல்கிறேன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. மொய் நோட்டு மட்டும்தான். சில ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முறை வரும்போது ஊரே வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு தொழில் தொடங்கவோ கிணறு வெட்டவோ போதுமான தொகையை மொத்தமாகக் கையில் வைத்துவிட்டுப் போகும். வாங்கியதை அவரவர் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பொருளாதாரப் பாடநூல்களில் இதற்கு இடமே இல்லை என்று எனக்கு வருத்தம். ஆனால் இதையும் அதே கேள்வியால் சோதியுங்கள். ஒருவர் செய்யவில்லை என்றால் ஊர்ப்பேச்சும் மானமும் பார்த்துக்கொள்ளும். எல்லோராலும் ஒரே நேரத்தில் முடியாமல் போனால்? 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை விழுந்தது ஒருவர் தோப்பில் மட்டும் இல்லை. கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவர் மரமும் ஒரே இரவில் சாய்ந்தது. ஒரே ஊர், ஒரே பயிர், ஒரே மழையை நம்பிய எந்தக் கடன் ஏற்பாட்டுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. பெரிய வங்கி பல மாவட்டங்களில் பரவியிருப்பதற்கு ஒரு நியாயம் இங்கேதான் இருக்கிறது. வங்கியைக் குறை சொல்வதற்கு முன் அதையும் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வட்டத்தில் மொய் நோட்டு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பேசச் சொல்லுங்கள்.

வங்கி என்றால் என்ன என்பதற்கு இரண்டு அமர்வாவது ஒதுக்குங்கள். நாம் போட்ட பணத்தைத்தான் வங்கி எடுத்து இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். 2014இல் இங்கிலாந்தின் மத்திய வங்கி தன் காலாண்டிதழில் ஒரு கட்டுரை போட்டது. வணிக வங்கி கடன் கொடுக்கும்போதே கடனாளியின் கணக்கில் புது வைப்பு உருவாகிறது, இன்றைய பணத்தின் பெரும்பகுதி அப்படி உண்டானதுதான் என்று அதில் நேராகவே சொல்லியிருந்தார்கள். தணிக்கையில் பேரேடு புரட்டியவனுக்கு இது ஆச்சரியமாக இல்லை. கடன் அனுமதித்த அன்று ஒரே பதிவில் ஒரு பக்கம் கடன், மறு பக்கம் கணக்கில் வரவு. இதிலிருந்து சிலர் "அப்படியென்றால் வங்கி காற்றிலிருந்து பணம் பண்ணுகிறது, எல்லாம் திருட்டு" என்று தாவுவார்கள். அங்கே நிறுத்துங்கள். கடன் வாங்கியவர் அந்தப் பணத்தை இன்னொரு வங்கிக்கு மாற்றினால் இந்த வங்கி தன் கையிருப்பிலிருந்து தர வேண்டும். கடன் வராக்கடனானால் நட்டம் அதன் சொந்த மூலதனத்தைத் தின்னும். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இப்படிப் புது வைப்பு உண்டாக்கும் வசதியும் அவ்வளவு இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் வாங்கித்தான் அது பெரும்பாலும் கடன் தருகிறது. பணம் எப்படிப் பிறக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அது நல்லதா, யார் கையில் அந்த அதிகாரம் இருக்க வேண்டும் என்பதில் பெரிய ஆட்களுக்கே ஒத்த கருத்து இல்லை. வட்டத்தில் இந்த இரண்டையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இங்கேயே ஒரு நடைமுறைத் தகவல். வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட வைப்புக்கு அது கிடையாது. நிதி நிறுவனங்களுக்கும் சீட்டுக்கும் கிடையாது. இதைச் சொன்ன அன்று எங்கள் வட்டத்தில் மூன்று பேர் முகம் மாறியது. சங்கத்தில் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் பணமும் அங்கே இருக்கிறது. எங்கே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று தெரிந்து போட வேண்டும்.

இப்போது உங்கள் நண்பரின் ஊர்ப்பணம். அவர் அநேகமாக ஆஸ்திரியாவின் வெர்க்ல் என்ற சிறு நகரத்தைப் பற்றிப் படித்திருப்பார். 1932 ஜூலையில், வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தபோது, அந்நகரின் மேயர் உன்டர்குகன்பெர்கர் நகராட்சியின் பெயரில் பணம்போல் கைமாறும் காகிதச் சீட்டுகள் வெளியிட்டார். மாதாமாதம் அதன் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு வில்லை வாங்கி ஒட்டினால்தான் சீட்டு செல்லும். வைத்திருந்தால் நட்டம் என்பதால் ஆளாளுக்குச் சீக்கிரம் கைமாற்றினார்கள். நகராட்சிக்கு வரிபாக்கி வந்தது, சாலையும் பாலமும் கட்டினார்கள். 1933 செப்டம்பரில் ஆஸ்திரிய தேசிய வங்கியின் எதிர்ப்பால் அது நின்றது. இதுவரை உறுதி. அந்தப் பணத்தின் தன்மையால்தான் ஊர் பிழைத்ததா, பொதுவேலைக்குச் செலவு செய்ததே போதுமாயிருந்ததா, ஐந்தாண்டு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சந்தேகம். ஓராண்டுச் சோதனையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் நண்பர் கவனித்திருக்க மாட்டார்: வெளியிட்ட சீட்டுகளுக்கு ஈடாக உண்மையான ஆஸ்திரியப் பணமான ஷில்லிங் வங்கியில் வைக்கப்பட்டிருந்தது.

இதோடு சேர்த்து அர்ஜென்டினாவையும் படிக்கச் சொல்லுங்கள். 1995இல் புவெனஸ் அய்ரஸ் பக்கத்து பெர்னாலில் அண்டைவீட்டார் சிலர் பண்டமாற்றுச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 2001–02 நெருக்கடியில் அது நாடெங்கும் பரவி லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்களின் சீட்டு அளவில்லாமல் அச்சாயிற்று, கள்ளச்சீட்டும் நுழைந்தது, விலை எகிறி 2002க்குள்ளேயே பெரும்பகுதி சரிந்தது. கடைசியில் கையில் செல்லாச் சீட்டோடு நின்றவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் அதில் சேர்ந்த ஏழைகள். மறுபுறம் சுவிட்சர்லாந்தில் 1934இல் சிறு வணிகர்கள் தொடங்கிய வீர் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. அவர்கள் உறுப்பினர்களுக்குள் பேரேட்டில் பற்று வரவு எழுதிக்கொண்டார்கள், கடனுக்கு ஈடு கேட்டார்கள், இரண்டே ஆண்டில் வங்கி உரிமமும் வாங்கினார்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால், எத்தனை சீட்டு வெளியே இருக்கிறது என்று யார் எண்ணுகிறார்கள், திரும்பி வராததை யார் ஏற்கிறார்கள் என்ற இடத்தில்தான் வித்தியாசம் வருவது தெரியும்.

ஆகவே அச்சடிக்கலாமா? வேண்டாம். இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, கேட்டவுடன் கொண்டுவந்தவருக்குப் பணம் தருவதாகச் சொல்லும் சீட்டுகளை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்கிறது. பொதுமக்களிடம் ஒழுங்கில்லாமல் வைப்புத் திரட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆர்வத்தில் செய்கிற காரியத்துக்கு ஒன்பது குடும்பங்கள் காவல் நிலையம் ஏற வேண்டியதில்லை.

வட்டத்துக்குள்ளும் பணம் வசூலிக்காதீர்கள். இதை மனம் நொந்து சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில், படித்தது போதும், செய்து பார்ப்போம் என்று ஆளுக்கு மாதம் 500 போட்டுக் கைமாற்றுக்கு ஒரு பொதுத்தொகை சேர்த்தோம். இரண்டு பேர் வாங்கினார்கள், இருவருக்கும் நிஜமான கஷ்டம், திருப்ப முடியவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் எங்களில் மிக ஆழமாகப் படிக்கக்கூடியவர். பணத்தை மறந்துவிட்டோம், ஆளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. செய்து பார்க்க ஆசை வந்தால் முறைப்படி சுயஉதவிக் குழுவாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ தனியாக, தனிப் பெயரில், தனிக் கணக்கோடு செய்யுங்கள். வாசிப்பு வட்டம் வாசிப்பு வட்டமாகவே இருக்கட்டும்.

அப்புறம் வாசிப்பு. நம் மண்ணிலிருந்தே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கூட்டுறவின் கதை. சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ஊர்த் தலைவராக இருந்து கிராமக் கடன் சங்கங்களை உண்டாக்கிய ராய்ஃபைசன் என்பவரின் வழியை நமக்குப் பரிந்துரைத்தார். அந்தச் சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் சொத்து வரை போகும், அதனால் யாருக்கு எதற்குக் கடன் என்று ஊரே பார்த்துக் கொடுத்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் கிராமச் சங்கங்களுக்கும் அதே வரம்பற்ற பொறுப்பு வைத்தார்கள். அதே ஆண்டில்தான் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் பிறந்தன. அங்கிருந்து அரசின் பங்கு மூலதனம், அரசு நியமித்த அதிகாரி, 2006, 2016, 2021 கடன் தள்ளுபடிகள் என்று வந்த பாதையைப் படியுங்கள். தள்ளுபடி பற்றிய பேச்சில் எங்கள் வட்டம் இரண்டாகப் பிளந்தது. வறட்சியில் செத்த விவசாயிகளைக் கண்ணால் பார்த்தவர் ஒருபுறம். ஒழுங்காகக் கட்டி முடித்த அடுத்த மாதம் தள்ளுபடி வந்து ஏமாந்தவர் மறுபுறம். என் கருத்து என்னவென்றால், தள்ளுபடி தேவைப்படும் நேரம் உண்டு. ஆனால் நட்டம் எப்போதும் கருவூலத்தின் தலையில் விழும் என்று ஆனபின் சங்கத்தை உறுப்பினர்கள் தங்களுடையதாகப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இது ஒரு தணிக்கையாளனின் பார்வை. உங்களில் விவசாயிகள் இதை மறுத்தால் அவர்கள் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள்.

இன்னொரு வழி ஜே.சி. குமரப்பா. உங்கள் தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம், அப்புறம் காந்தியோடு. கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் கழித்து 1960 ஜனவரி 30இல் மறைந்தார். அவருடைய கொள்கைகள் எல்லாம் இன்றைக்கு ஒத்துவரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1929 முடிவில் அவர் செய்த காரியம் உங்களுக்கு நேரடிப் பாடம். குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு மாணவர்களோடு போய், வீடு வீடாக வருமானம் என்ன, கடன் என்ன, வரி என்ன என்று கேட்டு எழுதினார். ஓராண்டு படித்த பிறகு நீங்களும் உங்கள் தெருவில் முப்பது வீட்டில் இதைச் செய்து பாருங்கள்: கடைசியாக அவசரத்துக்கு யாரிடம் வாங்கினீர்கள், என்ன விலைக்கு, எத்தனை நாளில் கிடைத்தது. பெயர் எழுதவே கூடாது. கடன் விவரம் வெளியே கசிந்தால் ஒரு பெண்ணின் சம்பந்தம் முறிந்துபோகும் ஊர் நம்முடையது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்பது பெயரைப் போட்டிருக்கிறீர்கள், ஒன்பதும் ஆண்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்திலிருந்து இன்றுவரை இந்த மாநிலத்தில் கடனைப் பேசி, எழுதி, வசூலித்து, கணக்கு முடித்துப் பழகியவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். எங்கள் வட்டத்துக்கு அப்படிக் குழு நடத்தும் இரண்டு ஊக்குநர்கள் வந்த பிறகு, நான் ஒரு மணி நேரம் விளக்குவதை அவர்கள் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் காட்டினார்கள். ஆனால் ஞாயிறு காலை என்று வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள், அது வீட்டில் சமையல் நேரம். நாங்கள் மாலை நாலரைக்கு மாற்றினோம். நீங்களும் மாற்றுங்கள். முதல் அமர்வுக்கு ஆளுக்கொரு தாள், ஒரு கணக்குப் பொறி, ஒரு கரும்பலகை போதும். தண்டல் அட்டை யாரிடமாவது இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.